கிளுவை வேலி

இன்று காலை காங்கேயம் பக்கம் ஒரு கொரங்காட்டின், அதாவது மேய்ச்சல் நிலத்தின், முள்கிளுவை வேலியைப் பொக்லைன் பெயர்த்துக்கொண்டிருந்தது.

மணிக்கட்டுத் தடிமனில் பழைய தண்டுகள். முறிந்த இடத்தில் இன்னும் பச்சை. கிட்டே போனால் பிசின் வாசம். கிளுவைக்கு விதை தேவையில்லை. வெட்டிய குச்சியை ஊன்றி மழை பெய்தால் போதும், துளிர்த்துவிடும். அப்படி யாரோ ஊன்றிய வேலி அது.

காட்டை விற்றவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

"வேலி அடைக்க ஆள் எங்கே கண்ணு?" என்றார்.

மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில். சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் எப்போது பட்டியைப் பார்ப்பார்கள்?

கீழே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. மழை குறைந்த இந்தப் பூமியில் மாட்டையும் ஆட்டையும் காப்பாற்றிய ஏற்பாடு இது. கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் தீனியாகும். வேலி கட்டாக இருந்தால் மேய்க்கவும் ஆள் வேண்டாம். அந்த வேலியின் கிளைகளைக் கழித்துவிட்டுச் சந்து அடைக்கத்தான் ஊரில் ஆள் வேண்டும்.

வேலி இரண்டு காட்டுக்கும் பொது. ஒரு குடும்பம் கிளம்பினால் பக்கத்துக் காட்டுக்காரரும் மாட்டை அவிழ்த்துவிட முடியாது. அடுத்து அவரும் விற்பார்.

2017-இல் காளைகளுக்காக வீதியில் நின்றோம். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. காங்கேயம் காளை மேய்ந்து வளரும் காட்டுக்காக ஏன் நிற்கவில்லை என்பதுதான் ஆறவே இல்லை.