பதினேழு கிராம் ஈயம்

பெரிய துளை கொண்ட கைத்துப்பாக்கிகளின் மீது எனக்குள்ள பற்றைப் பற்றிப் பேச மேலூர்ப் பக்கத்தில் ஆள் கிடைப்பது அரிது. எங்கள் ஊரில் துப்பாக்கி என்றால், அழகர்மலைச் சரிவிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றிகளை விரட்டத் தாத்தா வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியைப் போன்ற ஒன்றுதான் நினைவுக்கு வரும். அந்தக் குழலை அவர் துடைத்து முடித்ததும் அதன் வாயருகே மூக்கை வைத்து மருந்து வாடையை முகர்ந்து பார்ப்பது சிறு வயதில் எனக்கு வழக்கமாக இருந்தது. அவருடைய மறைவுக்குப் பின் அந்தத் துப்பாக்கி உரிமத்தோடு ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நான் எந்தத் துப்பாக்கியையும் தொட்டதில்லை.

வேலைக்காக அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகருக்குச் சென்ற பிறகும் உடனே தொடவில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. நிரந்தரமாக வசிப்பதற்கான அட்டை (கிரீன் கார்டு) கைக்கு வந்த பிறகே கடைக்குப் போய்ப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, முதல் சுழல் துப்பாக்கியை வாங்கினேன். நகருக்கு வடக்கே, மாநில வனவிலங்குத் துறை நடத்தும் பென் ஏவரி என்ற மாபெரும் சுடுதளம் இருக்கிறது. அங்கு சனிக்கிழமை காலைகளில் வெயில் ஏறுவதற்கு முன் போய்ச் சேர்ந்துவிடுவேன். பாறையும் முள்ளும் வறண்ட காற்றுமாக இருக்கும் அந்த இடம், கோடையில் எங்கள் ஊரை ஒட்டிய பொட்டல் காட்டைத்தான் எனக்கு நினைவூட்டியது.

அங்கே என் மனத்தைப் பிடித்துக்கொண்டது பெரிய தோட்டா. பெரிது என்றால் வேகமானது என்று பலரும் எண்ணுகிறார்கள்; நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பிரிட்டிஷ் இராணுவம் 1887 முதல் பயன்படுத்திய வெப்லி துப்பாக்கிகளின் .455 தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள் (தோட்டாப் பெயர்களில் வரும் இத்தகைய எண், துளையின் ஏறத்தாழ அளவை அங்குலத்தில் குறிக்கும்). அதன் குண்டு 265 கிரெய்ன் எடை கொண்டது, அதாவது ஏறத்தாழ 17 கிராம். ஆனால் அது போகும் வேகம் விநாடிக்கு 200 மீட்டரைக்கூட எட்டுவது கடினம். ஒலியின் வேகத்தில் அது பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 25 மீட்டர் தொலைவில் தொங்கும் இரும்புத் தகட்டை அதனால் சுட்டால், முதலில் வெடியோசை கேட்கும். பிறகு, மூச்சின் ஒரு சிறு துண்டளவு இடைவெளி விட்டு, தகட்டின் மணியோசை தனியாக வந்து சேரும். அந்த இடைவெளியைக் காதால் கேட்பதற்காகவே நான் எத்தனையோ பெட்டித் தோட்டாக்களைச் செலவழித்திருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரானது 44 மேக்னம். எல்மர் கீத் என்ற இடாஹோ மாநிலத்துக் கால்நடைப் பண்ணைக்காரர் பல ஆண்டுகள் விடாமல் வற்புறுத்தியதன் விளைவாக, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனமும் ரெமிங்டன் நிறுவனமும் சேர்ந்து 1950களின் நடுவில் கொண்டுவந்த தோட்டா அது. 15 கிராமுக்குச் சற்று அதிகமான குண்டை அது விநாடிக்கு 400 மீட்டர் அளவிலான வேகத்தில் செலுத்துகிறது. எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால், கைக்கு வந்து சேரும் உதைப்பு .455 தோட்டாவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது நெஞ்செலும்பில் ஓர் அதிர்வு வருமே, அதை உள்ளங்கைக்குள் பிடித்து வைத்தது போல் இருக்கும். தயவுசெய்து இதை எந்த நண்பருக்கும் முதல் துப்பாக்கியாகக் கொடுத்துவிடாதீர்கள். அதே துப்பாக்கியில் 1907ஆம் ஆண்டின் 44 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம். அதன் உதைப்பு மென்மையானது. மேக்னம் தோட்டாவின் கூட்டை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நீளமாக்கியதே, பழைய 44 ஸ்பெஷல் துப்பாக்கிகளில் தவறுதலாகக்கூட அது நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். தொழில்நுட்பத்தில் இப்படிப்பட்ட அக்கறைகளைக் காணும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

பெரிய துப்பாக்கி என் கையைப் பற்றி எனக்குச் சொன்னதுதான் இந்தப் பற்றின் வேர். அதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் அந்தச் சுடுதளத்திற்கு வாரந்தோறும் வரும் ஒரு முதியவர். இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் இலக்குத் தாளில் குண்டுகள் எல்லாம் இடது கீழ் மூலையிலேயே போய் விழுவதைச் சில வாரங்கள் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் என் 44ஐக் கேட்டு வாங்கினார். எனக்கு முதுகைக் காட்டி நின்று, உருளையின் ஆறு அறைகளில் சிலவற்றில் நல்ல தோட்டாவையும் மற்றவற்றில் சுட்டு முடித்த வெறும் கூட்டையும் கலந்து போட்டு மூடி, என் கையில் கொடுத்தார். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவதாக விசையை இழுத்தபோது சுத்தியல் வெறும் கூட்டின் மீது விழுந்து "டிக்" என்று மட்டுமே ஓசை எழுந்தது. ஆனால் துப்பாக்கியின் முனை, உதைப்பே இல்லாத அந்த நொடியில், இரண்டு விரற்கடை கீழே குனிந்தது. வராத உதைப்புக்கு என் மணிக்கட்டு முன்கூட்டியே தலைவணங்கியிருக்கிறது. வெடிக்கும்போது அந்தப் பிழையை உதைப்பு மூடி மறைத்துவிடுவதால், அதுவரை அது என் கண்ணில் பட்டதே இல்லை.

அன்றிலிருந்து ஓராண்டுக்கு மேல் இந்த ஒரு பயிற்சியைத்தான் செய்தேன். சிறிய துப்பாக்கியிலும் இதே பிழை உண்டு. ஆனால் அங்கே அது சிறியதாக இருப்பதால் பல ஆண்டுகள் கூடவே குடியிருக்கும். பெரிய துப்பாக்கியோ அதை ஒரே நாளில் தாளின் மூலைக்குத் தூக்கி எறிந்து காட்டிவிடும். உலக்கையை இறுகப் பிடித்துக் குத்தத் தெரியாதவர்களுக்கு உள்ளங்கை கொப்புளித்துவிடும் என்று அப்பத்தா சொல்வார். இறுக்கமும் தளர்வும் சேர்ந்த அந்தப் பக்குவந்தான் இங்கும் வேண்டும். பிடி இறுக வேண்டும், விசையை இழுக்கும் விரல் மட்டும் அந்த இறுக்கத்தில் சேராமல் தனியாக நிற்க வேண்டும். எழுதுவதற்கு எளிது. எனக்குக் கைகூட பதினான்கு மாதங்கள் ஆயின.

சேகரிப்பு என்று சொல்லத்தக்க அளவில் என்னிடம் இருந்தவை நான்கே. முதலாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்துக்காகச் செய்யப்பட்ட 1917 மாதிரி ஒன்று; பின்முனையில் விளிம்பில்லாத .45 தோட்டாக்களைச் சுழல் துப்பாக்கியிலிருந்து வெளியே தள்ளுவதற்காக, மூன்று மூன்றாகக் கவ்விப் பிடிக்கும் அரைநிலா வடிவத் தகடுகளை அதற்கென்றே உருவாக்கினார்கள். அடுத்து 44 மேக்னம், பிறகு 45 கோல்ட் என்ற தோட்டாவைச் சுடும் ரூகர் நிறுவனத் துப்பாக்கி ஒன்று. நான்காவது, வெப்லி ஆறாம் மார்க் (ஆறாவது வடிவம்).

அந்த வெப்லியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 1915இல் இராணுவம் ஏற்றுக்கொண்ட மாதிரி அது. ஆறு அங்குலக் குழல், ஒரு கிலோவைத் தாண்டும் எடை. பிடிக்கு மேலே இடப்பக்கம் இருக்கும் தாழைக் கட்டைவிரலால் அழுத்தினால், குதிரைச் சேணத்தின் அங்கவடி போன்ற கொக்கி பின்னால் விலகி, துப்பாக்கி நடுவில் முறிந்து குனியும். குனியும்போதே உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு எழுந்து ஆறு கூடுகளையும் ஒருசேர வெளியே கொட்டிவிடும். என்னுடையதில் 1917 என்ற ஆண்டும், அரசுடைமையைக் குறிக்கும் அகன்ற அம்புக் குறியும் பொறிக்கப்பட்டிருந்தன. ஆனால் அதை விற்ற கடைக்காரர் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார். .455 தோட்டாவை இட்டுச் சுட்டபோது மூன்றில் ஒன்று வெடிக்கவில்லை. போருக்குப் பின் அமெரிக்காவுக்குப் போன ஏராளமான வெப்லிகளின் உருளைப் பின்பக்கத்தைச் சீவி, எளிதில் கிடைக்கும் .45 தோட்டா நுழையும்படி செய்திருந்தார்கள். என்னுடையதும் அவற்றில் ஒன்று. சீவிய உருளையில் .455 தோட்டா முன்னால் நகர்ந்துவிடுவதால் சுத்தியலின் முனை அதைச் சரியாகத் தீண்டுவதில்லை. அதைவிடக் கவலைக்குரியது, முழு வீரியமுள்ள .45 இராணுவத் தோட்டாவின் அழுத்தம் இந்தத் துப்பாக்கி சோதிக்கப்பட்ட அழுத்தத்தையே தாண்டுவது. முன்பு வைத்திருந்தவர் எத்தனை முறை அப்படிச் சுட்டாரோ என்ற அச்சத்தில், உருளையைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து விரிசல் உண்டா என்று பார்த்த பிறகுதான் எனக்கு உறக்கம் வந்தது. பிறகு அதற்கென்று மென்மையான தோட்டாக்களை நானே மருந்து அளந்து செய்துகொண்டேன். பழைய பொருளை வாங்குபவர் அதன் வரலாற்றைத் துப்பாக்கியிடமே கேட்டு அறிய வேண்டுமே தவிர, விற்பவரின் வாய்மொழியை நம்பக் கூடாது.

ஊர் திரும்புவது என்று 2021இல் முடிவானபோது நான்கையும் அங்கேயே விற்றேன். நம் நாட்டின் ஆயுத விதிகளின்படி .380, .455 தோட்டாக்களையும், இராணுவத்தின் 9 மில்லிமீட்டர், விளிம்பற்ற .45 தோட்டாக்களையும் ஏற்றுச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட துளை வகையில் அடங்கும். போதாததற்கு, 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டது. இந்தச் சட்டத்தின் மீது எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. இந்த மண்ணில் துப்பாக்கி எதற்கெல்லாம் தூக்கப்படும் என்பதை அறிந்தவன்தான் நான். வெப்லியை அந்த முதியவரே வாங்கிக்கொண்டார்.

இங்கே வந்து விண்ணப்பம் கொடுத்து, காவல்துறை விசாரணைகளும் பயிற்சிச் சான்றும் முடிந்து, கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 சுழல் துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். அதைப் பெட்டியிலிருந்து எடுத்து முதன்முதலாகத் திறந்த நொடியை மறக்க மாட்டேன். அதே இடத்தில் தாழ், அதே அங்கவடிக் கொக்கி, அதே குனிவு, அதே நட்சத்திரம். வெப்லியின் நான்காம் மார்க் .38 மாதிரியின் வழியில் வந்தது இந்த .32. பெரிய .455 தோட்டாவைச் சாதாரணப் படைவீரர்களுக்குப் பழக்குவது கடினமாக இருந்ததால்தான் பிரிட்டிஷ் இராணுவம் 1930களின் தொடக்கத்தில் .38க்கு இறங்கியது. அங்கிருந்து இன்னும் ஒரு படி இறங்கி வந்ததுதான் என் கையில் இருக்கும் இந்தத் துப்பாக்கி. என் வெப்லியின் பேரன் என்றே இதைச் சொல்வேன். எழுநூறு கிராம் எடைதான். குண்டோ ஆறு கிராமைச் சற்றே தாண்டும்.

துளை பெரிதாக வேண்டும் என்ற ஆசை இங்கே விளையாட்டிலும் ஓரளவுக்கு மேல் போக முடியாது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிக்கான பன்னாட்டு விதி 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. ஆனால் போட்டியாளர்கள் பெரும்பாலும் .32 வகையையே விரும்புகிறார்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 600க்கு 590 எடுத்து உலகச் சாதனையைச் சமன் செய்தது இந்தப் பிரிவில்தான். அறுபது குண்டுகளில் பத்தே புள்ளிகளை இழந்தவரின் மணிக்கட்டு எவ்வளவு அமைதியாக இருந்திருக்கும் என்று நான் இன்றும் வியக்கிறேன்.

என் தாய்மாமன் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது. "எதுக்கு மாப்ள அம்புட்டுப் பெரிய குண்டு? ஆளைக் கொல்லவா?" என்றார். அவரை மதுரைத் தமுக்கத்துக்கு அருகில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த வேட்டி அங்கே இருக்கிறது. அவரைக் கொன்றது இத்தாலியில் செய்யப்பட்ட பெரெட்டா கைத்துப்பாக்கி. சட்டைப்பையில் அடங்கும் அளவு, அதன் தோட்டா 9 மில்லிமீட்டரில் குட்டையான வகை. பெரிய துளைத் துப்பாக்கி என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். கொல்வதற்குப் பெரிய குண்டு தேவைப்படுவதில்லை என்றேன். மாமா அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் வெகுநேரம் நின்றார். நானும் நின்றேன். துப்பாக்கியை நேசிப்பவன் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அங்கே போய் நிற்க வேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்ததும், உரிமம் பெற்ற மற்றவர்களைப் போல நானும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். வாக்கு எண்ணிக்கை முடிந்து ஜூன் இரண்டாம் வாரம் திரும்பப் பெற்றபோது, எவ்வளவோ எண்ணெய் பூசிக் கொடுத்திருந்தும் கீலுக்கு அருகில் மிளகளவு துரு ஏறியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, மென்மையான துணியாலும் எண்ணெயாலும் ஒரு மாலை முழுவதும் தேய்த்து அதை எடுத்தேன். உற்றுப் பார்த்தால் நிழல் போல ஒரு தழும்பு மட்டும் தெரியும். பிறகு அறைக்குள் போய், ஆறு அறைகளிலும் போலித் தோட்டாக்களை இட்டு, குழலின் மேல் விளிம்பில் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்தி விசையை இழுத்துப் பார்த்தேன். மூன்று மாதப் பயிற்சி விடுபட்டுப் போயிருந்தது. இருபது முறையில் பதினொரு முறை நாணயம் விழுந்தது.