ஹாஷ் வந்தால் பணம் சேர்ந்ததா?

பெங்களூரில், கோரமங்களாவில் உள்ள ஒரு சிறு நிறுவனத்தில் எத்தீரியம் என்ற பிளாக்செயின் வழியாகப் பணம் அனுப்பும் திரைகளை எழுதும் வேலை எனக்கு. குழுவில் பாதிப் பேர் ஓசூர், வேலூர் பக்கத்துக்காரர்கள். பிளாக்செயின் (பல கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் பொதுக் கணக்கேடு) என்றதும் கடுங்கணிதத்தை எதிர்பார்த்தோம். ஆனால் ஈதர்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைச் சேர்த்து நான்கு வரி எழுதினாலே கணக்கின் இருப்பு திரையில் வந்துவிடுகிறது. ஜேசன் என்ற எழுத்து வடிவில் கேள்வி பதில் பரிமாறும் ஜேசன்-ஆர்பிசி முறையில் ஒரு நோடிடம், அதாவது எத்தீரியத்தை இயக்கும் கணினிகளில் ஒன்றிடம், கேள்வி போகிறது, பதில் வருகிறது, அவ்வளவுதான்.

தொல்லை, வந்த பதிலில் இருக்கிறது. இருப்பு வெய் என்ற மிகச் சிறிய அலகில் வருகிறது; எத்தீரியத்தின் நாணயமான ஈதர் ஒன்று என்பது ஒன்றுக்குப் பின் 18 சுழியங்கள் கொண்ட வெய். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகையோ 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் காக்கும். 0.01 ஈதரே அந்த எல்லையைத் தாண்டிவிடும். அதற்கு மேல் கடைசி இலக்கங்களை நம்ப முடியாது. அதனால் ஈதர்ஸின் ஆறாம் பதிப்பு தொகைகளை, மிகப் பெரிய முழு எண்களையும் பிசகாமல் காக்கும் பிக்இன்ட் வகையில் தருகிறது. அதைச் சாதாரண எண்ணோடு கூட்டினால் பிழை. ஜேசனாக மாற்றப் போனாலும் பிழை. புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைத் திட்டுவார்கள். எனக்கு இந்த முரட்டுப் பிடிவாதம் பிடித்திருக்கிறது. சத்தமில்லாமல் தவறான தொகையைக் காட்டுவதைவிட முகத்தில் அடித்தாற்போல் மறுப்பது மேல்.

கணக்கிலிருந்து பணம் அனுப்ப உதவும் ரகசியத் தனிச்சாவியைப் பற்றி நீட்டத் தேவையில்லை: அது மெட்டாமாஸ்க் என்ற பணப்பைச் செயலியிலேயே இருக்கட்டும், நம் நிரலுக்குள் வரவே கூடாது.

அதிகம் வாதாடியது காலத்தைப் பற்றித்தான். பரிவர்த்தனையை அனுப்பியதும் அதன் அடையாளக் குறியான ஹாஷ் கிடைக்கிறது. நோட் அதை வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. 2022 செப்டம்பருக்குப் பிறகு எத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுதி. அதில் இடம் பிடித்த பின்னும், இனி மாறாது என்று சொல்ல வழக்கமாக 13 நிமிடங்கள் போல ஆகும். கட்டணம் குறைவாக வைத்தால் வரிசையிலேயே தேங்கி நிற்கும். அதே நான்ஸ் எண்ணோடு (அனுப்புபவரின் பரிவர்த்தனைக்கான வரிசை எண்) கூடுதல் கட்டணத்தில் வேறொன்று வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

கணக்குப் பிரிவு மேடம் அல்சூர்த் தமிழர்.

“தம்பி, பணம் போய்விட்டதா இல்லையா?”

“அனுப்பியாகிவிட்டது மேடம். இன்னும் சேரவில்லை.”

“அப்படியென்றால் எந்தத் தேதியில் எழுதுவது?”

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ‘வெற்றி’ என்ற ஒற்றைப் பச்சைக் குறியைத் திரையிலிருந்து எடுத்தோம். இப்போது ‘அனுப்பப்பட்டது’, ‘பிளாக்கில் சேர்ந்தது’, ‘உறுதியானது’, ‘தோல்வி’ என நான்கு நிலைகள். கடைசி நிலைதான் மேடத்துக்குப் பொறுக்கவில்லை. பிளாக்செயினில் ஓடும் ஒப்பந்த நிரல் பாதியில் மறுத்துவிட்டாலும், அதுவரை செலவான கேஸுக்கு (கணக்கீட்டு வேலையின் அளவு) கட்டணம் பிடிப்பார்கள். “நடக்காத வேலைக்கு எதற்குக் காசு?” என்றார். நோடுகள் கணக்கிட்டது கணக்கிட்டதுதான் என்று விளக்கினேன், தலையசைத்தார். அந்தக் கட்டணத்தை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று அவரும் தணிக்கையாளரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.