28 தோல்விகளுக்கு யார் பொறுப்பு?

2023-24 பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்ற அமெரிக்கக் கூடைப்பந்து அணி டெட்ராய்ட் பிஸ்டன்ஸ், அடுத்த 28 ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. ஒரே பருவத்துக்குள் இத்தனை தொடர் தோல்விகளை அந்நாட்டின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யில் எந்த அணியும் கண்டதில்லை. கடைசியில் 14 வெற்றி, 68 தோல்வி. ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் அழைத்து வரப்பட்ட பயிற்சியாளர் மான்டி வில்லியம்ஸை ஒரே பருவத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் இடத்துக்கு ஜே.பி.பிக்கர்ஸ்டாஃப் வந்தார். அடுத்த பருவத்தில் 44 வெற்றி. பழி முழுவதும் பயிற்சியாளர் தலையில்தான் என்று சொல்ல இதைவிட வசதியான கணக்கு கிடைக்காது.

இரண்டு ஆண்டுகளின் ஆட்டக்காரர் பட்டியலை அருகருகே வைத்தால் அந்தக் கணக்கு இடிக்கிறது. கேட் கன்னிங்ஹாம், ஜேலன் டூரன், அசார் தாம்சன், ஐசையா ஸ்டூவர்ட் எல்லாரும் இரண்டிலும் இருக்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் டோபயஸ் ஹாரிஸ், மலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர். மூவரும் தூரத்திலிருந்து எறியத் தெரிந்தவர்கள். பீஸ்லி மட்டும் அந்தப் பருவத்தில் 319 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டார். அதற்கு முந்தைய ஆண்டு கன்னிங்ஹாம் வளையத்தை நோக்கிப் பாயும்போதெல்லாம், மூலையில் நிற்பவரைக் காவல் காத்தவர் தயங்காமல் அவரை விட்டுவிட்டு உள்ளே வந்தார். மூலைக்குப் பந்து போனாலும் ஆபத்தில்லை என்று எதிரணிக்குத் தெரியும். வளையத்தடியில் கூட்டம், தாமதமான பாஸ், டர்ன்ஓவர் (ஷாட் எடுக்காமலே பந்தை எதிரணியிடம் இழப்பது). புரூக்ளினுக்கு எதிரான 27ஆவது தோல்வியில் கன்னிங்ஹாம் 41 புள்ளிகள் எடுத்தும் அணி 112-118 என்று தோற்றது. இதில் பெரும்பங்கு, எறியத் தெரிந்தவர்களைப் போதுமான அளவு சேர்க்காத நிர்வாகத்தினுடையது. பயிற்சியாளரா, ஆட்டக்காரரா என்று வாதிடும்போது, அணியைக் கூட்டியவர் எப்போதும் தப்பிவிடுகிறார்.

வில்லியம்ஸின் பங்கு தனியாக இருக்கிறது. பருவத் தொடக்கத்தில் ஜேடன் ஐவியை பெஞ்சில் வைத்து, எறிதலில் பலவீனமான கில்லியன் ஹேய்ஸைத் தொடங்கவிட்டார். முதல் ஐவரையும் ஒருசேர வெளியே எடுத்து, மாற்று ஆட்டக்காரர்களை மட்டும் கொண்ட ஐவரை இறக்கினார். இளம் அணியில் அந்த நிமிடங்களில்தான் முன்னிலை கரையும். முதல் ஐவரில் ஒருவராவது எப்போதும் களத்தில் இருந்தாக வேண்டும்.

சரி, உங்கள் கல்லூரி அணியோ கிளப் அணியோ தொடர்ந்து தோற்றால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? 40 நிமிட ஆட்டத்தில் ஒரு அணிக்கு ஏறத்தாழ 70 முதல் 75 பொசெஷன், அதாவது பந்தை வைத்துத் தாக்கும் வாய்ப்பு, கிடைக்கும். 12 புள்ளி வித்தியாசத்தில் தோற்றால் அது ஆறு கூடைதான். ஆட்டப் பதிவை ஓடவிட்டு, எதிரணி போட்ட ஒவ்வொரு கூடைக்கும் ஒரு காரணம் எழுதுங்கள்: திரும்பி ஓடாதது, ஸ்க்ரீனில் (எதிரணி ஆள் குறுக்கே நின்று வழியை மறிப்பதில்) ஆளைத் தொலைத்தது, பாக்ஸ் அவுட் செய்யாதது (தவறிய ஷாட்டின் பந்தை எடுக்க விடாமல் எதிராளியை உடலால் மறிக்காதது), பந்தை இழந்த உடனே கூடை வாங்கியது, நல்ல காவலையும் மீறிப் போட்டது. கடைசி வகைக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மற்ற நான்கிலும் கவனிக்க வேண்டியது, தவறு ஆளோடு போகிறதா, இடத்தோடு போகிறதா என்பது. கார்டு (பந்தை நடத்துபவரைக் காக்கும் வெளி ஆட்டக்காரர்) மாறினாலும் பிக் அண்ட் ரோலில் (ஸ்க்ரீன் போட்டவர் உடனே வளையத்தை நோக்கி ஓடும் ஆட்டத்தில்) அதே இடத்தில் ஓட்டை விழுந்தால், கார்டு ஸ்க்ரீனுக்கு மேலே சுற்ற வேண்டுமா கீழே போக வேண்டுமா, வளையத்தடியைக் காக்கும் சென்டர் ஏறி வர வேண்டுமா பின்வாங்க வேண்டுமா என்று தெளிவாகச் சொல்லித் தரவில்லை என்று பொருள். அது பயிற்சியாளர் தவறு. எந்த முறையில் ஆடினாலும் அதே ஆள் தன் ஆளைத் தொலைத்தால் அது அவர் தவறு.

டர்ன்ஓவரையும் இப்படியே பிரிக்கலாம். பந்தை உள்ளே போட ஐந்து விநாடிக்குள் ஆள் கிடைக்கவில்லை, எட்டு விநாடியில் நடுக்கோட்டைத் தாண்டவில்லை, 24 விநாடி முடிந்தும் ஷாட் இல்லை என்றால் பெரும்பாலும் பிரஸ்ஸை (எதிரணி களம் முழுவதும் நெருக்கிக் காப்பதை) உடைக்கும் அமைப்பே பயிற்சியில் போதிய அளவு நடக்கவில்லை. இருவருக்கு நடுவில் டிரிபிள் செய்து நுழைந்து பந்தைப் பறிகொடுப்பது அந்த ஆட்டக்காரரின் முடிவு. ஷாட் தவறியதும் நடுவரைப் பார்த்துக் கையை விரித்து நிற்பதும் அப்படித்தான்; அந்த இரண்டு விநாடியில் எதிரணிக்கு வளையத்தடியிலேயே எளிதான லே-அப் கிடைத்துவிடும். எந்தப் பயிற்சியாளராலும் அங்கே அவருக்குப் பதில் ஓட முடியாது.

டைம் அவுட் முடிந்து வந்த முதல் பொசெஷன் அடிக்கடி குழம்பினால் ஒரு சோதனை செய்யலாம். ஐந்து பேருக்கும் தனித்தனியே தாளும் பேனாவும் கொடுத்து அந்த ப்ளேயை (திட்டமிட்ட நகர்வை) வரையச் சொல்லுங்கள். ஐந்து தாளும் ஐந்து விதமாக வந்தால் பயிற்சியாளர் எட்டு ப்ளே போதும் என்ற இடத்தில் முப்பதை அள்ளித் திணித்திருக்கிறார். நான்கு ஒத்துப்போய் ஒன்று மட்டும் மாறினால் யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும்.

திறந்த ஷாட்கள் விழாததுதான் பிரிக்கக் கடினமானது. யாரும் மறிக்காத ஷாட்டை உண்டாக்கித் தந்ததோடு பயிற்சியாளர் வேலை முடிந்தது என்பார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று தோன்றுகிறது. 2024இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஃபிரெட் வின்சன் என்ற ஷூட்டிங் பயிற்சியாளர் டெட்ராய்ட்டுக்கு வந்தார். அதே ஐவியின் மூன்று புள்ளி எறிதல், 2025 ஜனவரி 1 அன்று கால் எலும்பு முறிந்து அவர் ஒதுங்கும் வரை 40 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. கையின் குறையென்று நினைத்ததில் ஒரு பகுதி சொல்லிக்கொடுத்தலின் குறையாகவும் இருக்கலாம்.

இன்னொரு தகவலையும் பார்க்க வேண்டும். டெட்ராய்ட்டைத் தூக்கி நிறுத்திய பிக்கர்ஸ்டாஃபை, அங்கே அவர் சேர்வதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கிளீவ்லேண்ட் நீக்கியிருந்தது. 48 வெற்றி போதவில்லை என்பது அவர்கள் எண்ணம். அவருக்குப் பதில் வந்த கென்னி அட்கின்சன் ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களோடு 64 ஆட்டங்களை வென்றார். டானவன் மிட்செலின் நிமிடங்களைக் குறைத்தார், எவன் மோப்லியின் கையில் பந்தை அதிகம் கொடுத்தார், வேகத்தைக் கூட்டினார். ஒரே கோடையில், ஓர் ஊருக்குப் போதாதவர் இன்னோர் ஊரை மீட்டார். டெட்ராய்ட்டின் இளைஞர்களுக்கு முதலில் தேவைப்பட்டது டிஃபென்ஸில் ஒழுங்கு. கிளீவ்லேண்டிடம் அது ஏற்கெனவே இருந்தது, தாக்குதலில்தான் புதுமை வேண்டியிருந்தது.

ஆகவே பயிற்சியாளரை மாற்ற நினைக்கும் நிர்வாகக் குழு, கூட்டம் போடுவதற்கு முன் கடைசிப் பத்து ஆட்டங்களின் பதிவை மேலே சொன்னபடி வகை பிரித்து மேசையில் வைக்கட்டும். பருவத்தின் நடுவில் புதியவர் வந்தால் பயிற்சிக்கு நாளே கிடைக்காது. எந்த இரண்டு தவறுகளை முதலில் திருத்த வேண்டும் என்ற குறிப்பாவது அந்தத் தாளிலிருந்து அவர் கைக்குப் போகும்.