குட்டியைத் தேடிப் போய்த் தாயைக் கூட்டி வந்தேன்

இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, அம்மா கைத்தடியோடு நடக்கத் தொடங்கியிருந்த நேரம். நான் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் தனியாக இருப்பார். ஒரு பூனை இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர்தான் சொன்னார். ஆனால் காலுக்கு நடுவே புகுந்து ஓடும் பூனையால் அவர் இன்னொரு முறை விழுந்துவிட்டால் என்ன செய்வது? அப்போது நினைவுக்கு வந்தது பெர்சியன், நீண்ட முடியும் தட்டை முகமும் கொண்ட பூனை இனம். முன்பு ஒரு நண்பருடைய பெர்சியனை ஒரு மாதம் என் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அலமாரி உச்சிக்குத் தாவாது. நள்ளிரவில் வீட்டைக் கலக்காது. போட்ட இடத்தில் பஞ்சுமூட்டை போலக் கிடக்கும். எனக்கு வேண்டியது அழகல்ல, அந்த நிதானம். அதனால்தான் குறிப்பிட்ட ஓர் இனத்தைத் தேடினேன்.

மருத்துவமனைச் செலவு போக என் கையில் அதிகம் மிச்சமில்லை. ஆகவே விலை குறைந்த விளம்பரங்களாகப் பார்த்துக்கொண்டு போனேன். முதல் அடி அங்கேதான் விழுந்தது. வெள்ளைக் குட்டி, வம்சாவளிச் சான்றிதழோடு, மற்றவர்கள் கேட்பதில் நாலில் ஒரு பங்கு விலைக்கு. வெளிநாடு போகிறோம், நல்ல வீடு கிடைத்தால் போதும் என்றார்கள். முன்பணம் அனுப்பினேன். அடுத்த நாள் வண்டிச் செலவு என்றார்கள். அதற்கடுத்த நாள் காப்பீடு, திரும்பி வந்துவிடும் பணம் என்றார்கள். குட்டியை ஒரு நிமிடம் வீடியோ அழைப்பில் காட்டுங்கள் என்று கேட்டதும் பேச்சு நின்றுபோனது. அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தபோது அதே குட்டி வேறு வேறு பெயர்களில் பல இடங்களில் விற்பனைக்கு இருந்தது. பணம் போனதைவிட, அம்மாவிடம் படத்தைக் காட்டிப் பெயர்கூட வைத்துவிட்டோமே என்பதுதான் வலித்தது.

அதன்பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். கண்ணால் பார்க்காத பூனைக்கு ஒரு காசும் இல்லை.

கைவிடப்பட்ட பூனைகளுக்கான காப்பகங்களில் பெயர் எழுதி வைத்தேன். இனப் பூனைகள் அங்கே வருவது அரிது. வந்தாலும் கேட்பவர்கள் நிறையப் பேர். ஒரு முறை 'பெர்சியன்' என்று சொன்ன ஒன்றைப் பார்க்கப் போனேன். நீண்ட முடி, நல்ல சுபாவம். ஆனால் நீண்ட முடி இருந்தால் மட்டும் பெர்சியன் ஆகிவிடாது என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். நீள்முடிக்கான மரபணு எத்தனையோ சாதாரணப் பூனைகளிலும் மறைந்து கிடக்குமாம். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அது வந்து சேர்ந்தால் குட்டிக்கு முடி நீண்டுவிடும். காகிதம் இல்லாமல் இனத்தின் பெயரைச் சொல்லி விலை கேட்டால் பெயருக்குத்தான் பணம் கொடுக்கிறோம். அந்தப் பூனையை அதன் குணத்துக்காக மகிழ்ச்சியோடு கூட்டிவந்திருப்பேன். ஆனால் அதற்கு ஒரு வயதுதான். அந்தத் துறுதுறுப்பு அம்மாவின் கைத்தடிக்கு ஒத்துவராது.

இடையில் ஒருவர் காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டு குட்டியைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். பார்க்க அத்தனை அழகு. மருத்துவரிடம் படத்தைக் காட்டியபோது அவர் முகம் மாறிவிட்டது. காதை மடிக்கும் அதே மரபணு உடம்பு முழுவதும் குருத்தெலும்பைக் கெடுக்கிறது. வாலும் கால் மூட்டுகளும் இறுகி, வலியோடு வாழ நேரிடும் பூனைகள் அவை. பிரிட்டனில் பூனை இனங்களைப் பதிவு செய்யும் ஜிசிசிஎஃப் அமைப்பு இந்த இனத்தைப் பதிவு செய்வதே இல்லை. ஒரு குறைபாட்டை அழகு என்று விற்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அன்று அந்த மருத்துவர் சொன்னதுதான் வழியைத் திறந்துவிட்டது. "குட்டியை ஏன் கேட்கிறீர்கள்? ஓய்வு பெறும் தாய்ப்பூனை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்."

பொறுப்பான வளர்ப்பாளர்கள் ஒரு பெண்பூனையைச் சில ஈற்றுகளோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு அப்போது நாலு, ஐந்து வயது இருக்கும். கருத்தடை செய்தபின் அது வீட்டுப் பூனையாக இன்னும் பத்து வருடம் வாழக்கூடும். ஆனால் எல்லாரும் குட்டியைத்தான் கேட்கிறார்கள் என்பதால், நல்ல வீடு கிடைத்தால் கருத்தடை, தடுப்பூசிச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

1906இல் தொடங்கிய சிஎஃப்ஏ, 1979இல் தொடங்கிய டிஐசிஏ ஆகிய பூனை இனப் பதிவு அமைப்புகளின் வளர்ப்பாளர் பட்டியல்களிலிருந்து பதினொரு பேருக்கு எழுதினேன். விலை கேட்கவில்லை. அம்மாவின் நிலைமை, வீட்டு ஜன்னல்களில் வலை இருப்பது, எங்கள் மருத்துவர் யார், மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதையெல்லாம் மறைக்காமல் எழுதினேன். நாலு பேர் பதில் போட்டார்கள். ஒருவரிடம் ஐந்து வயது வெண்சந்தன நிறப் பெர்சியன் இருந்தது. அந்த அம்மாள் என்னை ஒரு மணி நேரம் தொலைபேசியில் விசாரித்தார். என் அம்மாவிடமும் பேசவேண்டும் என்றார். இவ்வளவு கேள்வி கேட்கிறவர் ஏமாற்றமாட்டார் என்ற நம்பிக்கை அப்போதே வந்துவிட்டது.

நேரில் போனேன். உள்ளே நுழைந்ததும் மூத்திர நெடி இல்லை என்பதைத்தான் முதலில் கவனித்தேன். பூனைகள் கூண்டில் இல்லாமல் அறைகளில் நடமாடிக்கொண்டிருந்தன. எங்களுக்கானது ஜன்னல் திண்ணையில் இருந்தது. கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குவரை பழுப்பாக ஒரு நீர்க்கறை. தட்டை முகப் பூனைகளுக்குக் கண்ணீர்க் குழாய் வழியாகக் கண்ணீர் சரியாக வடியாது என்பதால் வருவது. மூச்சு விடும்போது சத்தம் வருகிறதா என்று காதை அருகில் வைத்துக் கேட்டேன். இல்லை. ஈறுகள் மட்டும் சிவந்திருந்தன. "இரண்டு பல்லை எடுக்கவேண்டி வரும், முன்பே சொல்லிவிடுகிறேன்" என்றார் அவர்.

நான் கேட்காமலேயே காகிதங்களை எடுத்து மேசையில் பரப்பினார். பெர்சியன் வாங்குகிறவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது சிறுநீரக நீர்க்கட்டி நோய்ப் பரிசோதனை. அந்தக் கெட்ட மரபணு தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும், நோய் வரும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் மெல்லப் பெருகிக்கொண்டே போகும். கன்னத்தின் உள்ளே பஞ்சால் தடவி எடுத்தே மரபணுவைச் சோதித்துவிடலாம். இதற்கு அந்த மரபணு இல்லை என்று எழுதியிருந்தது. ரத்தப் புற்று வைரஸும், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்ஐவி வைரஸும் இல்லை என்ற அறிக்கையும் இருந்தது. அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் பதித்திருந்த மைக்ரோசிப்பின் பதினைந்து இலக்க எண்ணைக் கருவியில் படித்துக் காட்டி, காகிதத்திலிருந்த எண்ணோடு ஒப்பிடச் சொன்னார். என்னால் இந்தப் பூனையை வைத்துக்கொள்ள முடியாமல் போனால் அவரிடமே திருப்பித் தரவேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. அந்த வரிக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

கருத்தடைச் செலவும் தடுப்பூசிச் செலவும் கொடுத்தேன். பல் வைத்தியத்தை நான் பிறகு செய்துகொண்டேன். எல்லாம் சேர்த்தும் ஒரு குட்டியின் விலையில் பாதிகூட ஆகவில்லை. அது படுத்திருந்த பழைய துண்டையும் மடித்துக் கொடுத்தனுப்பினார். துவைத்துவிடாதீர்கள், அந்த வாசனை அதற்கு வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே அறையில் வைத்தோம். கட்டிலடியில் போய் ஒளிந்துகொண்டது. முதல் நாள் சாப்பிடவில்லை. பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இரண்டாம் நாள் மாலையும் தட்டு அப்படியே இருக்க, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா நாற்காலியை அந்த அறையில் போட்டுக்கொண்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இரவு பத்து மணி இருக்கும். கட்டிலடியிலிருந்து நக்கும் சத்தம் கேட்டது.

செலவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாங்குகிற விலை ஒரு நாளோடு முடிந்துவிடும். பெர்சியனுக்குத் தினமும் சீவவேண்டும், கண்ணைத் துடைக்கவேண்டும், வருடத்துக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் காட்டவேண்டும். பணம் இல்லாவிட்டாலும் சமாளித்துவிடலாம் என்ற பேச்சு இதில் செல்லாது. நேரம் இல்லாவிட்டாலும் செல்லாது.

எங்கள் வீட்டில் நேரம் அம்மாவிடம் இருக்கிறது. சிக்கு முதலில் காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும்தான் விழும். அங்கே கத்தரிக்கோல் போடக்கூடாது. சிக்கோடு சேர்ந்து தோலும் மேலே எழும்பியிருக்கும், வெட்டுப்பட்டுவிடும். அம்மா சிக்கின் வேரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து இழை இழையாகப் பிரிக்கிறார். நேற்று இடது காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று. அரைமணி நேரம் ஆனது. முடிந்ததும் வந்த முடியை உருட்டி என்னிடம் நீட்டிவிட்டு, வலது காதைப் பார்க்க விளக்கைக் கொஞ்சம் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.