8,000 ரூபாயில் ஒரு குதிரைக் கண்காட்சி

எங்கள் வீட்டில் குதிரை இருக்கிறது என்றதும் கேட்பவர் முகம் மாறும். பெரிய பண்ணை வீடு என்று நினைத்துக்கொள்வார்கள். பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையில் ஓர் ஓட்டு வீடு, ஆறு மா நிலம் (இரண்டு ஏக்கர்), நாலு ஆடு, பவளம் என்கிற குதிரை. அவ்வளவுதான். குதிரை மாமாவின் சொத்து. மாமா என்றால் என் மாமனார், வயது 74. கும்பகோணம் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். ஆட்டோ வந்து ஜட்கா போன பிறகும் குதிரையில்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. பவளத்தை அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கியபோது அதற்கு நாலு வயது. பல்லைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். ஓரப்பல் இன்னும் விழவில்லை, ஐந்து முடிந்தால்தான் வாய் நிறையும் என்று அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இப்போது பவளத்துக்குப் பன்னிரண்டு. தோளுயரம் 52 அங்குலம், செம்பழுப்பு நிறம், மட்டக் குதிரையைவிடக் கொஞ்சம் உயரம்.

போன தை மாதம் டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவை ஒட்டி, அறுவடை முடிந்த திடலில் குதிரைக் கண்காட்சி. பந்தயம் கிடையாது. நடை, நிற்கும் அழகு, பராமரிப்பு இவற்றைப் பார்த்துப் பரிசு. சின்னக் குதிரைக்குத் தனிப் பிரிவு. ஒன்பதாவது படிக்கும் என் மகள் அன்றே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். மாமா திட்டுவார் என்று பயந்தேன். காணும் பொங்கலுக்குத் திருக்கடையூரில் நடக்கும் ரேக்ளா பந்தயத்துக்கு எங்களைக் கூட்டிப்போய் வேடிக்கை காட்டியிருக்கிறார், ஆனால் தன் குதிரையை ஓட விடுவதில் அவருக்கு விருப்பம் இருந்ததில்லை. "ஓடச் சொல்லலையே? நிக்கத்தானே சொல்றான்? சரி, நிக்கட்டும்" என்றார்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 8,000 என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று வீட்டில் அறிவித்தேன். கையில் ஐந்து வாரம் இருந்தது.

முதலில் போனது கால்நடை மருந்தகத்துக்கு. உடல்நலச் சான்று இல்லாமல் திடலுக்குள் விடமாட்டார்கள். மருத்துவர் கண், மூக்கு, தாடைக்குக் கீழே உள்ள சுரப்பி எல்லாம் தடவிப் பார்த்தார். கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய், குதிரையிடமிருந்து மனிதருக்கும் வரும், தடுப்பூசியும் கிடையாது என்று சொல்லிவிட்டு, "அங்க போனா பொதுத் தொட்டில தண்ணி காட்டாதீங்க, உங்க வாளியை எடுத்துட்டுப் போங்க" என்றார். இது தெரியாமல் போயிருந்தால் நான் முதலில் தேடியிருப்பது தண்ணீர்த் தொட்டியைத்தான். ரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, ஊசியும் போட்டார். குதிரைக்கு அது மற்ற மிருகங்களைவிடச் சீக்கிரம் தாக்குமாம், ஒரு துருப்பிடித்த ஆணி போதும்.

அப்புறம் காலைத் தூக்கிப் பார்த்து மூக்கைச் சுளித்தார். குளம்புக்கு நடுவில் இருக்கும் மெத்தையான பகுதி கறுத்து நாற்றம் அடித்தது. ஐப்பசி கார்த்திகை முழுக்கக் கொட்டகைத் தரை ஈரம். நம் ஊர்க் களிமண் ஒருமுறை நனைந்தால் எப்போது காயும் என்று உங்களுக்கே தெரியும். தினமும் குளம்பைத் தோண்டிச் சுத்தம் செய்து, மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் கழுவி, காய விட வேண்டும். கொட்டகைத் தரையை அரையடி உயர்த்தி மணல் கொட்டினோம். இரண்டுக்கும் சேர்த்து 700 ரூபாய். மூன்று வாரத்தில் நாற்றம் போய்விட்டது. இதற்காவது கண்காட்சி வந்ததே என்று நினைத்துக்கொண்டேன். வராமல் இருந்திருந்தால் அடுத்த மழைவரை நாங்கள் யாரும் காலைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டோம். மாமா உட்பட. அவருக்கு இப்போது குனிய முடிவதில்லை, அதை அவர் வெளியே சொல்வதும் இல்லை.

லாடத்தில்தான் முதல் அடி விழுந்தது. மாமாவுக்கு வழக்கமாக லாடம் அடிக்கிறவர் இறந்துபோய் ஒரு வருடம் ஆகிறது. கிடைத்தவர் மாட்டுக்கு அடிக்கிறவர். மாட்டுக்குப் பிளவுபட்ட குளம்பு, காலுக்கு இரண்டு தகடு. குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, வளைந்த ஒரே லாடம். ஆணி குளம்பின் வெளிச்சுவருக்குள்ளேயே ஏறி வெளியே வர வேண்டும். கொஞ்சம் உள்ளே சாய்ந்தாலும் சதை. "எனக்குத் தெரியும்மா" என்று அவர் சொன்னதை நான் நம்பினேன், மாமா நம்பவில்லை. 900 ரூபாய் கொடுத்தேன். மறுநாள் காலை பவளம் வலது முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. ஆணியைப் பிடுங்கி, புண்ணைக் கழுவி, எட்டு நாள் ஓய்வு. பிறகு திருச்சியிலிருந்து குதிரைக்கே லாடம் அடிப்பவரை வரவழைத்தோம், 1,200. மாமா என்னை ஒன்றும் சொல்லவில்லை. எட்டு நாளும் சாப்பிடும்போது பேசவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த தப்பும் என்னுடையதே. கண்காட்சிக்குப் போகிற குதிரையின் ரோமம் மின்ன வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்குக் கொள்ளு என்று நானே முடிவு கட்டினேன். தினம் ஒரு கிலோ ஊறவைத்த கொள்ளு வைத்துக்கொண்டிருந்தோம். மாமாவிடம் சொல்லாமல் இரண்டரை கிலோ ஆக்கினேன். நாலாம் நாள் ராத்திரி பத்து மணிக்குக் கொட்டகையில் சத்தம். பவளம் முன்னங்காலால் தரையைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கிறது, படுக்கிறது, எழுகிறது. சாணமே போடவில்லை. மாமா பார்த்தவுடன் "சூலை" என்றார், கடும் வயிற்றுவலி. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது கீழே இறங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் குடல் திருகி உயிரே போகும். படுத்துப் புரளவிடாமல் கயிற்றைப் பிடித்துத் தெருவிளக்கு வெளிச்சத்தில் அவர் நடத்திக்கொண்டே இருந்தார். அந்த வயதில், அந்த முட்டியோடு, பிள்ளையார் கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையே எத்தனை நடை என்று நான் எண்ணவில்லை. ஒரு மணிக்குத் தனியார் மருத்துவர் ஒருவர் வந்தார். வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பாரஃபின் எண்ணெய் இறக்கினார். மூன்றரைக்குச் சாணம் போட்டது. சாணத்தைப் பார்த்து நான் அழுதது அதுதான் முதல் தடவை. 1,400 ரூபாய்.

மறுநாள் உண்மையை ஒப்புக்கொண்டேன். "ஜட்காக் குதிரைக்குப் பசி வேளை தெரியும், அளவு தெரியாதும்மா. அளவு நமக்குத்தான் தெரியணும்" என்றார். தீனியில் எதை மாற்றினாலும் ஒரு பிடி ஒரு பிடியாகப் பத்து நாளில் மாற்ற வேண்டும் என்பது ஜட்கா ஓட்டிய எல்லோருக்கும் தெரிந்திருந்த விஷயம். பழைய அளவுக்கே திரும்பினோம். ரோமத்துக்கு மகள் தினம் காலையும் மாலையும் அரைமணி தேங்காய் நாரால் தேய்த்தாள். மின்னியது அதில்தான். செலவு ஒன்றுமில்லை.

பயிற்சி வாய்க்கால் கரையில். கையில் பிடித்து நடத்துவது, பிறகு பெருநடையில் ஓட்டுவது, நிறுத்துவது. நடை பவளத்துக்குப் பிரச்சினையே இல்லை. நிற்பதுதான் வரவில்லை. நாலு கால் சமமாக ஊன்றி இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். அது ஈயை விரட்டும், புல்லைத் தேடும், மகளின் பின்னலை மெல்லும். மாமா ரயிலடியிலிருந்து வெளியூர்க்காரர்களைத் தாராசுரம் கோயிலுக்கு ஏற்றிப்போன ஆள். "அங்க மண்டபத்துல தேரை இழுக்கிற கல் குதிரை 800 வருஷமா கால் மாத்தாம நிக்குது, உனக்கு ரெண்டு நிமிஷம் முடியலையா" என்று பவளத்தின் காதில் ஓதிக்கொண்டிருப்பார்.

சத்தம் இன்னொரு கவலை. திருவிழா என்றால் வேட்டு, மேளம். இதற்கு எங்கள் எதிர்வீட்டுத் தவில்காரர் உதவினார். உதவினார் என்று சொல்லக்கூடாது, அவர் பாட்டுக்கு விடியற்காலை சாதகம் செய்துகொண்டிருந்தார். நாங்கள் பவளத்தை அவர் திண்ணை ஓரம் கொண்டுபோய் நிறுத்தினோம். முதல் நாள் கயிற்றைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. தினம் கொஞ்சம் கிட்டே, கையில் ஒரு பிடி அருகம்புல். இரண்டாவது வாரம் அசையாமல் நின்றது. வினோதம் என்னவென்றால், தவில் வாசித்தால்தான் அசையாமல் நின்றது. நிறுத்தினால் திரும்பி அவர் திண்ணையைப் பார்க்கும்.

கண்காட்சி நாளன்று குட்டி யானை வண்டி வாடகை 2,800. பலகையைச் சாய்த்துவைத்து ஏற்றப் பார்த்தோம், பலகை ஆடியதும் பவளம் பின்வாங்கியது. நாலு பேர் தள்ளினால் ஆறு அடி பின்னால் போகும். கடைசியில் டிரைவர் தம்பிதான் யோசனை சொன்னார். வண்டியைப் பள்ளத்தில் இறக்கி, பின்பக்கத்தை வாய்க்கால் மேட்டுக்கு ஒட்ட நிறுத்தினார். வண்டித் தளமும் மேடும் ஒரே மட்டம். தளத்தில் மணலும் வைக்கோலும் போட்டதும் தெருவில் நடப்பதுபோல உள்ளே போய்விட்டது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம்.

திடலில் இருபது குதிரைகளுக்கு மேல் இருந்தன. காது நுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொடும் வெள்ளை மார்வாரி, சலங்கை கட்டிய நாட்டியக் குதிரைகள், கூடவே ஆள் அம்பு. என் மகள் கையில் இருந்த கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் 2,600 ரூபாய்க்கு வாங்கிய நெற்றிப்பட்டம், கழுத்துக் குஞ்சம் எல்லாவற்றையும் கட்டினேன். பட்டத்தின் ஜரிகை அரித்ததோ என்னவோ, பவளம் பந்தல் காலில் நெற்றியைத் தேய்த்துப் பத்தே நிமிடத்தில் அதைப் பிய்த்துவிட்டது. குஞ்சத்தைப் பக்கத்துக் குதிரை தின்றது. மாமாவுக்கு அதில் ஏகப்பட்ட மகிழ்ச்சி.

நடுவர்கள் அலங்காரத்தைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. ஒருவர் நேராக வந்து காலைத் தூக்கினார். குளம்பை முகர்ந்தார், நிஜமாகவே. பல்லைப் பார்த்தார், உள்ளங்கையால் முதுகை எதிர்ரோமமாகத் தடவி விரலில் அழுக்கு ஒட்டுகிறதா என்று பார்த்தார். நடக்கச் சொன்னார், ஓடச் சொன்னார், நிற்கச் சொன்னார். ஓட்டத்தில் ஒருமுறை இடறியது, அறுவடை இயந்திரம் போன தடத்தில் கால் மாட்டியது. நிற்கும்போது கோயில் மேளம் தொடங்கியது. பக்கத்தில் இரண்டு குதிரைகள் துள்ளின. பவளம் காதை மேளத்தின் பக்கம் திருப்பி, நாலு காலும் ஊன்றி, மேளம் ஓயும்வரை அப்படியே நின்றது.

சின்னக் குதிரைப் பிரிவில் மூன்றாம் பரிசு. ஓர் எவர்சில்வர் குடம், மாமாவுக்கு ஒரு துண்டு. நுழைவுக் கட்டணம் 300, சாப்பாடு டீ 540, முதலில் போட்ட ஊசி மருந்து 450. மொத்தம் 10,890. அலங்காரம், முதல் லாடம், கொள்ளு ராத்திரி மூன்றையும் கழித்தால் ஆறாயிரத்துக்குள் முடிந்திருக்கும். கூட்டல் போட்ட பக்கத்தை மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, எதுவும் சொல்லாமல் மடித்துக் கொடுத்தார்.

ராத்திரி அதே வாய்க்கால் மேட்டில் பவளத்தை இறக்கினோம். புதுக் குடத்தில் தண்ணீர் காட்டினாள் மகள், தலை உள்ளே போகவில்லை, பழைய வாளியே வந்தது. எதிர்வீட்டுத் தவில்காரர் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன பெரியப்பா, எதாவது கெடைச்சுதா?" என்றார்.

"மூணாவது" என்றார் மாமா. "நீ கூட வந்திருந்தா மொதல்."