பிளாஸ்டர் கார்ப் ஜெட்டிங்: ஒரு பிஸ்டனைக் காவு குடுத்த கதை

வண்டி யமஹா பிளாஸ்டர். 195 சிசி, ஒத்த சிலிண்டர், ஏர் கூல்டு டூ ஸ்ட்ரோக் ஏடிவி (மண்ணுல ஓட்டுற நாலு சக்கர வண்டி), கார்ப் (காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்புரேட்டர்) மிகுனி 26 எம்எம். ஆயில் பம்ப்பைக் கழட்டிட்டு பெட்ரோல்லயே டூடி ஆயில் கலந்துதான் ஓட்டுறேன், 32க்கு 1. எக்ஸ்பான்ஷன் சேம்பர் (டூ ஸ்ட்ரோக்கோட வயிறு உப்பின புகைக் குழாய்) மாத்தியாச்சு, ஏர் பாக்ஸ் மூடியும் எடுத்தாச்சு. இது ரெண்டையும் பண்ணா காத்து ஜாஸ்தியா உள்ள போகும், அதுக்கேத்த மாதிரி பெட்ரோலும் ஏத்தணும்ங்கிறது தெரிஞ்சதுதான், அதனால கார்ப்ல இருந்த 230 மெயின் ஜெட்டை (பெட்ரோல் போற ஓட்டை இருக்கிற குட்டித் திருகு, நம்பர் கூடுனா ஓட்டை பெருசு) எடுத்துட்டு குத்துமதிப்பா 280 போட்டேன். நல்லாத்தான் ஓடுச்சு. அதோட விட்டிருந்தா இந்தப் பதிவே இருந்திருக்காது.

ஒரு நாள் சாயங்காலம் ஓட்டி முடிச்சு, அஞ்சு நிமிஷம் மெதுவா உருட்டிட்டு வந்து ஷெட்ல நிறுத்தி பிளக்கைக் கழட்டிப் பாத்தேன். கரிக்கட்டை. ஈரமா எண்ணெய் வேற. ஓ ரிச்சா (பெட்ரோல் ஜாஸ்தியா) ஓடுது போலன்னு நானே முடிவு பண்ணி மெயினை 280ல இருந்து 250க்கு இறக்கிட்டேன், அதுவும் ஒரே தடவைல மூணு சைஸ். மறுநாள் வண்டி பறந்துச்சு. நெஜமா, அதுவரைக்கும் அப்படி இழுத்ததே இல்ல, அப்பவே சந்தேகம் வந்திருக்கணும். நீளமான மண் பாதைல ஃபுல் த்ராட்டில்ல போயிட்டிருக்கும்போது சத்தம் லேசா மெலிஞ்சு கிண்ணுன்னு ஆச்சு, அடுத்த செகண்ட் பின் வீல் ரெண்டும் லாக். கை தானா கிளட்ச்சைப் பிடிச்சுச்சு, அதனால கீழ விழாம தப்பிச்சேன்.

கழட்டிப் பாத்தா பிஸ்டன்ல எக்ஸாஸ்ட் பக்கம் மேலேர்ந்து கீழ வரைக்கும் கோடு கோடா கீறல், அலுமினியம் உருகி சிலிண்டர் சுவத்துல பூசுன மாதிரி ஒட்டியிருக்கு, ரிங்கு அதோட பள்ளத்துல சிக்கி வெளியவே வரல.

நான் பண்ண தப்பு என்னன்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் மண்டைல ஏறுச்சு. நான் பாத்த பிளக் ஃபுல் த்ராட்டில்ல ஓடுன பிளக்கே இல்ல, கடைசி அஞ்சு நிமிஷம் உருட்டிட்டு வந்தேன்ல அந்த அஞ்சு நிமிஷத்தோட பிளக். மெதுவா ஓட்டும்போது பெட்ரோல் குடுக்கிறது பைலட் ஜெட்டு, மெயினுக்கு அங்க வேலையே இல்ல. பைலட் மேல இருந்த சந்தேகத்துக்கு மெயினுக்குத் தண்டனை குடுத்திருக்கேன். டூ ஸ்ட்ரோக்ல இது ரெட்டைத் தப்பு, ஏன்னா பெட்ரோல்தான் பிஸ்டனைக் குளிர வைக்குது, அந்தப் பெட்ரோல்லதான் ஆயிலும் வருது, ஜெட்டைச் சின்னதாக்குனா ரெண்டும் சேந்தே குறையும்.

சரி, போரிங் பண்ணி 66 எம்எம்ல இருந்து 66.25 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாச்சு. அந்தக் கதை எல்லாருக்கும் ஒண்ணுதான், விடுங்க.

இந்த தடவ ஜெட்டைத் தொடுறதுக்கு முன்னாடி லீக் டெஸ்ட் பண்ணேன். எக்ஸாஸ்ட் வாயில ஒரு ரப்பர் அடைப்பு, கார்ப் உக்கார்ற ரப்பர் பூட்ல இன்னொரு அடைப்பு, பிளக் ஓட்டை வழியா கைப்பம்ப்புல 6 பிஎஸ்ஐ ஏத்தி மீட்டரைப் பாத்துட்டு உக்காரணும். அஞ்சாறு நிமிஷத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல இறங்கக் கூடாது. எனக்கு ஒரு நிமிஷத்துல முள் பூஜ்யத்துக்கு வந்துருச்சு! சோப்புத் தண்ணியை பிரஷ்ல தொட்டு ஒவ்வொரு இடமா பூசிட்டே வந்தேன். ஹெட் ஓகே, சிலிண்டர் அடி கேஸ்கெட் ஓகே, மேக்னெட் பக்க கிராங்க் சீல் ஓகே. கடைசில பாத்தா அந்த ரப்பர் பூட்டுக்கு அடிப்பக்கம் பொடிப்பொடியா நுரை தள்ளுது. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது, விரலால வளைச்சுப் பாத்தாத்தான் முடி மாதிரி ஒரு வெடிப்பு தெரியுது. ஆக அந்த 280 போட்டு ஓட்டுன காலத்துலயே அது வழியா காத்து உறிஞ்சிட்டுத்தான் இருந்திருக்கு. த்ராட்டிலை விட்டதும் ஐட்லிங் சட்டுன்னு இறங்காம தொங்கிட்டே இருந்து மெதுவா இறங்கும், நான் கேபிள் டைட்டுன்னு நெனச்சுட்டு இருந்தேன். (கிளட்ச் பக்க சீல் போயிருந்தா வேற மாதிரி இருக்கும், கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளையா புகை விடும், கியர் ஆயில் லெவல் குறைஞ்சுட்டே வரும்.) புது பூட் போட்டு மறுபடி ஏத்துனேன், டீ குடிச்சுட்டு வந்து பாக்குறேன், முள் அசையல.

அடுத்தது ஒரு சில்லறை வேலை, ஆனா இந்த மொத்த விஷயத்துலயும் உருப்படியா நான் பண்ணது இதுதான்னு சொல்லுவேன். எந்த ஜெட் எப்போ வேலை செய்யுதுங்கிறது த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்குங்கிறதை வச்சுத்தான், இன்ஜின் எவ்வளவு வேகமா சுத்துது, எந்த கியர்ல போகுதுங்கிறதை வச்சு இல்ல. கால்வாசி வரைக்கும் பைலட்டும் ஸ்லைடோட (த்ராட்டிலை அழுத்துனா கார்ப்ல மேல ஏறுற கதவு) அடி வெட்டும், காலுக்கும் முக்காலுக்கும் நடுவுல அந்த ஸ்லைடுல தொங்குற ஊசி, முக்காலுக்கு மேல மெயின். ஆனா ஓட்டும்போது கட்டைவிரல் எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஏர் பாக்ஸ் பக்க ரப்பரை எடுத்துட்டு கார்ப் வாய்க்குள்ள ஸ்லைடு தெரியுற மாதிரி வச்சுக்கிட்டு, ஸ்லைடுக்கு அடியில 6.5 எம்எம் டிரில் பிட்டோட பின்பக்கத்தை நுழைச்சேன், 26ல கால்வாசி அதானே. அது லேசா பிடிக்கிற இடத்துல த்ராட்டில் லீவருக்கும் அதோட கூட்டுக்கும் சேத்து மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு கோடு. 13 எம்எம் பிட்டுக்கு இன்னொரு கோடு, முக்காலுக்கு 19.5ங்கிறதால ஒரு போல்ட்டுல டேப்பைச் சுத்திச் சுத்தி அளவுக்குக் கொண்டு வந்தேன். நான் பாதின்னு நெனச்சு ஓட்டிட்டு இருந்தது நெஜத்துல கால்வாசிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். சிரிப்பு வந்துருச்சு.

பைலட்ல ஆரம்பிச்சேன். வண்டியை நல்லா சூடாக்கிட்டு ஏர் ஸ்க்ரூவை உள்ள வெளியன்னு மெதுவா திருப்பி எங்க ஐட்லிங் நல்லா ஏறுதோ அந்த இடத்தைக் கண்டுபிடிக்கணும். இந்த கார்ப்ல அது காத்து ஸ்க்ரூ, உள்ள திருப்புனா ரிச், வெளிய திருப்புனா லீன் (பெட்ரோல் கம்மி). 32.5 பைலட்டுக்கு அரைச் சுத்துலயே நல்லா ஓடுச்சு, அப்படின்னா காத்தை அவ்வளவு அடைச்சாத்தான் அதுக்குப் பெட்ரோல் பத்துதுன்னு அர்த்தம், ஜெட்டு சின்னது. 35 போட்டேன், ஒன்றரைச் சுத்துல வந்து நின்னுச்சு. ஒண்ணுக்கும் ரெண்டரைக்கும் நடுவுல வந்தா போதும், அதுக்கு மேல நோண்ட வேணாம். ஆக நான் ரிச்சுன்னு நெனச்ச பைலட்டு உண்மையில லீன்! அன்னிக்கு பிளக் கருப்பா இருந்ததுக்குக் காரணம் மெதுவா உருட்டும்போது சூடாகாத பிளக்ல ஆயில் கரி படிஞ்சது, வேற ஒண்ணும் இல்ல.

கார்ப் அடிக் கிண்ணத்தோட ஸ்க்ரூவைப் பத்தி ஒரு வார்த்தை. பாக்க சாதா ஸ்டார் மாதிரி இருக்கும், ஆனா ஜப்பான்காரங்க ஸ்டாண்டர்டு வேற, நம்ம ஸ்டார் டிரைவரைப் போட்டு அழுத்தித் திருப்புனா மேல ஏறி வழுக்கி தலையை மழுக்கிடும். மூணு ஸ்க்ரூ ஏற்கனவே எவனோ மழுக்கி வச்சிருந்தான், நாலாவதை நான் மழுக்குனேன். இப்ப நாலும் ஆலன் போல்ட்.

மெயினுக்கு இந்த தடவ மேலேர்ந்து கீழ வந்தேன். 310. முக்காலுக்கு மேல போனா இழுக்காம பொடபொடன்னு ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி சத்தம், புகை வேற. ரிச். ரிச்சா இருந்தா வண்டி மக்கர் பண்ணும், அவ்வளவுதான். லீனா இருந்தா பிஸ்டன் போயிடும். அதனால மேலேர்ந்துதான் வரணும்னு ஒரு பிஸ்டன் சொல்லிக் குடுத்திருக்கு. 300 போட்டேன், ஃபோர்த் கியர்ல மட்டும் கொஞ்சம் பொடபொட. 290, சத்தம் தெளிஞ்சு ஒரே சீரா இழுத்துச்சு. ஆசைப்பட்டு 280ம் போட்டுப் பாத்தேன், இன்னும் ஒரு துளி கூர்மையா இருந்துச்சு, மறுபேச்சு பேசாம 290க்கே திரும்பிட்டேன்.

நடுவுல ஒரு கூத்து. முதல்ல பேர் தெரியாத ஒரு ஜெட் செட் வாங்கியிருந்தேன், அதுல 290ம் 300ம் ஒரே மாதிரி ஓடுச்சு, 280 அதைவிட ரிச்சா ஓடுச்சு. மண்டை காஞ்சு வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா 280 ஓட்டை கண்ணுக்கே பெருசா தெரியுது. ஒரு முழு நாள் வேஸ்ட். மேல சொன்ன நம்பரெல்லாம் வேற செட்ல பாத்தது.

அப்புறம் புது பிளக் போட்டு பிளக் சாப். டாப் கியர்ல ஃபுல் த்ராட்டில்ல நீளமா ஓட்டி, த்ராட்டிலை விடாமலேயே கில் சுவிட்சைத் தட்டி கிளட்ச்சையும் பிடிச்சு அப்படியே உருண்டு நிக்கணும், ஐட்லிங்ல ஒரு செகண்ட் கூட ஓடக் கூடாது. பாக்க வேண்டியது நுனியை இல்ல, வெள்ளைப் பீங்கான் உள்ள போய் முடியுற அடிப்பக்கம். அது வெளிய தெரியாது, அதனால மரையை ஹேக்ஸா பிளேடால அறுத்துப் பிளந்தேன். அடியில மெல்லிசா ஒரு பழுப்பு வளையம் இருந்துச்சு, அப்போ மெயின் சரி.

ஊசில ஒரு இடம் உதைச்சுச்சு. கால் கோட்டுலேர்ந்து பாதிக்குப் போகும்போது ஒரு செகண்ட் மூச்சடைச்ச மாதிரி நின்னு அப்புறம் பாயும். ரிச்சா லீனான்னு தெரிஞ்சுக்க சோக்கை லேசா இழுத்துவிட்டு அதே கோட்டுல ஓட்டிப் பாத்தேன், அடைப்பு குறைஞ்சுச்சு, அப்போ லீன். கிளிப்பை மூணாவது பள்ளத்துலேர்ந்து நாலாவதுக்கு இறக்குனேன். கிளிப் இறங்குனா ஊசி ஏறும், ஊசி ஏறுனா பெட்ரோல் ஜாஸ்தி, இதை நான் இன்னமும் ஒவ்வொரு தடவையும் விரல்ல வச்சுப் பாத்துட்டுத்தான் பண்றேன். அந்த கிளிப்பு டிங்குன்னு தெறிச்சுப் போய் முக்கால் மணி நேரம் தரையில தவழ்ந்து தேடினேன், கடைசில என் சட்டைப் பாக்கெட்ல இருந்துச்சு.

எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சா, நீளமா ஃபுல் த்ராட்டில்ல போனா பத்து செகண்டுக்கு அப்புறம் வண்டி சோர்ந்துச்சு. மறுபடி அந்த மெலிஞ்ச சத்தம்! பயந்து போய் உடனே நிறுத்திட்டேன். பழைய நானா இருந்தா 300 போட்டிருப்பேன். ஆனா ஜெட்டு சின்னதா இருந்தா முதல் செகண்டுலயே தெரியும், பத்து செகண்டு கழிச்சுன்னா கிண்ணத்துல பெட்ரோல் தீந்து போகுதுன்னு அர்த்தம். டேங்க் மூடியைத் திறந்தேன், உஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சு. மூடில இருக்கிற காத்துக் குழாய் மண்ணடைச்சுக் கிடக்கு. ஒரு குண்டூசி போதுமா இருந்துச்சு அதுக்கு.

இன்னொண்ணு, பயத்துல ஒரு டேங்க் மட்டும் ஆயிலை 24க்கு 1ன்னு கூட்டிக் கலந்தேன், 5 லிட்டருக்கு 156 மில்லிக்குப் பதிலா 208 மில்லி. சேஃப்டின்னு நெனச்சா அது கூடுதலா லீன் பக்கம் தள்ளுது, ஏன்னா ஜெட்டு வழியா போற அளவு அதேதான், அதுல ஆயில் கூடுனா பெட்ரோல் குறையும். கலவையை மாத்துனா ஜெட்டையும் மறுபடி பாக்கணும், அதனால 32க்கே வந்துட்டேன். காத்தோட சூடும் அதே மாதிரிதான், 36 டிகிரில செட் பண்ண வண்டியை 18 டிகிரில எடுத்தா காத்து கிட்டத்தட்ட 6 சதவீதம் அடர்த்தி ஜாஸ்தி, பெட்ரோல் அந்த அளவுக்குக் கூடாது. 290லயே நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம், நான் டியூன் பண்ணது உச்சி வெயில்ல.

இப்ப இருக்கிறது: பைலட் 35, ஏர் ஸ்க்ரூ ஒன்றரை, கிளிப் நாலாவது பள்ளம், மெயின் 290. ஸ்லைடு வெட்டைத் தொடவே இல்ல. நேத்து இருபது நிமிஷம் எல்லா கோட்டுலயும் ஓட்டிட்டு, பிளக்கைக் கழட்டி ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாத்தேன். பிஸ்டன் தலை நடுவுல பழுப்பா கரி, டிரான்ஸ்ஃபர் போர்ட் (புதுக் கலவை சிலிண்டருக்குள்ள வர்ற வழி) பக்கம் ரெண்டு இடத்துல மட்டும் பெட்ரோல் கழுவி நகக்கண் அளவுக்குப் பிறை மாதிரி பளிச்சுன்னு இருக்கு, நல்ல அடையாளம்தான். டேப்பை இன்னும் பிய்க்கல.