12 செட்டா, 11 செட்டா: கிடார் ஸ்ட்ரிங் மாற்றிப் பார்த்த அனுபவம்

சித்திரை

கிடாரோடு வந்த ஸ்ட்ரிங் செத்துவிட்டது. தடித்த நாலும் கறுத்துப்போய், ஃப்ரெட்டுக்கு (கிடார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நேராக அடிப்பக்கம் நகத்தால் தடவினால் பள்ளம் பள்ளமாகத் தட்டுப்படுகிறது. திறந்த ஸ்ட்ரிங்குக்கு ட்யூனர் பச்சை காட்டினாலும் ஏழாம் ஃப்ரெட் பக்கம் போனால் சுருதி விலகுகிறது. தேய்ந்த கம்பிக்கு நெடுக ஒரே கனம் இருக்காதல்லவா, அதனால்தான். காரைக்குடி வெயிலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாலும் கை வியர்க்கிறது. அந்த உப்பு செம்புக் கலவையை அரிக்காமல் விடுமா?

உள்ளூர்க் கடையில் 'கிடார் கம்பி' என்று நீட்டிய உறையில் கேஜே போடவில்லை. வேண்டாம் என்று ஆன்லைனில் வரவழைத்தேன். கேஜ் என்பது கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 12 செட் என்றால் மெல்லிய ஈ கம்பி 0.012 அங்குலம், தடித்த ஈ 0.053. அட்டையில் 'லைட்' என்றுதான் எழுதியிருக்கும். ஆறும் சுருதியில் நிற்கும்போது மொத்த இழுவை சுமார் 74 கிலோ!

முதலில் போட்டது 80/20 பிரான்ஸ், 12. வளவில் (வீட்டு நடு முற்றத்துத் தாழ்வாரம்) உட்கார்ந்து ஒரு ஜி கார்டு அடித்தேன். கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு. மேல் ஸ்தாயி முழுக்கத் திரும்பி வந்து காதில் அறைகிறது. வீட்டின் இரண்டாம் கட்டுப் பக்கமிருந்து அப்பத்தா குரல்: "ஏம்ப்பா, பித்தளைத் தாம்பாளத்தத் தட்டுற மாதிரில்ல இருக்கு!" பித்தளையேதான் அப்பத்தா. 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம்.

மெத்தை விரித்த சின்ன அறையில் இதே செட் நன்றாக இருந்தது. ஆனால் நான் வாசிப்பது வளவில்தான், கரண்ட் போனாலும் காற்று வரும். சில வாரத்தில் அந்தக் கூர்மை தானாகவே மழுங்கியது. ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்கும் எஃப் பாரே கார்டு பிடித்தால் அந்த விரல் கெஞ்சியது மட்டும் குறையவில்லை.

ஆடி

அடுத்தது ஃபாஸ்ஃபர் பிரான்ஸ், 11 முதல் 52. செம்பு 92, வெள்ளீயம் 8, கூடவே துளி பாஸ்பரஸ். கிடாருக்கு இதை 1974-இல் கொண்டுவந்தது டடாரியோ கம்பெனி. 80/20-ஐவிட மெதுவாகத்தான் மங்கும் என்பார்கள். என் கை வியர்வையிலும் அப்படித்தான் தெரிகிறது. வளவில் இப்போது குரல் உருண்டையாக வருகிறது, பாட்டுக்கு அடியில் அடங்கி உட்காருகிறது.

ஒன்று கவனித்தேன்: உலோகப் பேச்செல்லாம் மேலே கம்பி சுற்றிய தடித்த நாலுக்குத்தான். மெல்லிய பி, ஈ இரண்டும் எந்த செட்டிலும் வெறும் எஃகு. வீணையிலும் சாரணியும் பஞ்சமமும் எஃகுதானே. காரைக்குடி வீணைச் சகோதரர்கள் ஊரில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

11-க்கு இறங்கியதும் தடித்த ஈ முதல் இரண்டு ஃப்ரெட்டில் கிர்ரென்றது. இழுவை குறைந்ததால் நெக் கொஞ்சம் பின்வாங்கி நேராகிவிட்டது, கம்பி அதிர இடமில்லை. ஆலன் கீயை விட்டு, கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்ய இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தேன். சரியாகிவிட்டது. கேஜ் மாற்றுகிறவர்கள் இதை எதிர்பார்த்தே மாற்றுங்கள். கம்பி தட்டினால் உடனே சேடிலை (பிரிட்ஜில் கம்பி தாங்கும் துண்டு) உயர்த்தப் போகாதீர்கள்; ஆக்‌ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம், ஏறிவிட்டால் 11 போட்டதன் சுகமே போய்விடும்.

மாட்டும்போது எனக்குப் பிடிபட்ட ஒரு சங்கதி: கம்பி நுனியை பிரிட்ஜில் பிடித்துவைக்கும் பின்னைக் குத்தி அமுக்கினால் மட்டும் போதாது. பின்னை லேசாக அழுத்திக்கொண்டே கம்பியை மேலே இழுக்க வேண்டும். உள்ளே கம்பி நுனியிலுள்ள குண்டு, பிரிட்ஜுக்கு அடியிலுள்ள பிரிட்ஜ் பிளேட்டில் 'டக்'கென்று உட்காருவது விரலுக்குத் தெரியும். உட்காராவிட்டால் முறுக்க முறுக்க பின் மேலே எழும்பும், சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். எல்லாம் மாட்டியபின் ஒவ்வொன்றையும் பன்னிரண்டாம் ஃப்ரெட் பக்கம் மெல்லத் தூக்கி இழுத்து, மறுபடி சுருதி சேர்த்தால் மறுநாள் அவ்வளவாக இறங்காது.

கம்பி அரிக்காமலிருக்க மேலே கோட்டிங் போட்ட செட் இன்னும் வாங்கவில்லை. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஐப்பசி ஈரத்தில் இந்த செட் எப்படித் தாங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு. வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் கம்பியை மேலும் கீழும் துடைக்கிறேன், காசில்லாத வைத்தியம். 11 எண் எஃகுக் கம்பி மட்டும் உதிரியாக இரண்டு வாங்கிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் அறுவது அதுதான், எந்தக் கம்பெனி செட்டோடும் ஒத்துப்போகும்.